எக்ஸ்ரேயில் முறிவு இல்லாத மணிக்கட்டு: ஹவுஸ்கீப்பிங் பணியாளர் ஒருவரின் எட்டு மாதம்

நோயாளி 43 வயதுப் பெண். வலது கைப் பழக்கம். பழைய மகாபலிபுரம் சாலையில் சோழிங்கநல்லூர் பக்கம் ஓர் அலுவலகக் கட்டடத்தில், ஒப்பந்த நிறுவனம் வழியாக ஹவுஸ்கீப்பிங் வேலை. சர்க்கரை, தைராய்டு இல்லை. அந்தக் கையில் முன்பு அடி எதுவும் பட்டதில்லை. அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் அவருக்குச் சிகிச்சை கொடுத்த பிசியோதெரபிஸ்ட்.

விழுந்தது அக்டோபர் நடுவில், மழை பிடித்த முதல் வாரம். கட்டட வாசலில் கிரானைட் படிகள். இடது கையில் வாளி இருந்ததால் வலது கையை மட்டும் ஊன்றி விழுந்தார். உள்ளங்கை தரையில் பதிந்து நிற்க, உடம்பு திரும்பிக்கொண்டே சரிந்தது. கை ஊன்றி விழுந்ததை எல்லா மருத்துவச் சீட்டிலும் எழுதியிருக்கிறார்கள். உடம்பு திரும்பியதை எதிலும் காணோம். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அன்றே அருகிலிருந்த கிளினிக்கில் இரண்டு கோணத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள். முறிவு இல்லை. கிரேப் பேண்டேஜ், வலி மாத்திரை, ஒரு வாரம் ஓய்வு. பத்து நாளில் வீக்கம் வடிந்தது; வேலைக்குப் போனார். வலி மட்டும் சுண்டுவிரல் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது. மூன்றாம் வாரம் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி, சுளுக்கு எடுப்பவரிடம் போயிருக்கிறார். எண்ணெய் போட்டு உருவி, விரல்களைப் பிடித்து இழுத்து, சொடக்கு விழ மணிக்கட்டைத் திருப்பிவிட்டார்கள். அன்றிரவு தூங்க முடியாமல், மறுநாள் வேறோர் இடத்தில் இன்னொரு எக்ஸ்ரே. அதிலும் முறிவு இல்லை. இனி பார்க்க ஒன்றுமில்லை என்பதுபோல எல்லாரும் ஒதுங்கிக்கொண்டார்கள். என்னிடம் வந்தது டிசம்பர் நடுவில், விழுந்து ஒன்பதாவது வாரம்.

“எக்ஸ்ரேல ஒன்னும் இல்லன்னு ரெண்டு வாட்டி சொல்லிட்டாங்க மேடம். சூப்ரவைசரு நடிக்கிறேன்றாரு. எனக்கே டவுட்டா இருக்கு, வலி கையிலதான் இருக்கா மனசுல இருக்கான்னு.”

எக்ஸ்ரே பொய் சொல்லவில்லை. எலும்பு முறிந்திருக்கிறதா என்று கேட்டார்கள், இல்லை என்று பதில் வந்தது. மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள், முன்கையின் இரண்டு எலும்புகள், இவற்றைக் கட்டிப்போடும் தசைநார்கள், குருத்தெலும்பு, மேலே ஓடும் தசைநாண்கள் என்று ஏகப்பட்டவை ஒரு தீப்பெட்டி அளவு இடத்தில் அடைந்திருக்கின்றன. அதில் எக்ஸ்ரே காட்டுவது எலும்பை மட்டும். அந்த எலும்பைக்கூட எல்லா நேரமும் காட்டிவிடாது.

பரிசோதனை

முதலில் வலிக்கும் இடத்தை ஒரே விரலால் தொட்டுக் காட்டச் சொன்னேன். மணிக்கட்டு வலி என்று வருகிறவர்களில் பலர் மற்றக் கையால் மணிக்கட்டையே வளைத்துப் பிடித்துக் காட்டுவார்கள். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இவர் யோசிக்காமல் ஒரு குழியில் விரலை வைத்தார். சுண்டுவிரல் பக்கம் முன்கை எலும்பான அல்னாவின் முனை துருத்திக்கொண்டிருக்கும். அதற்கும் உள்ளங்கைப் பக்கம் ஓடும் தசைநாணுக்கும் நடுவே மெத்தென்ற சின்னப் பள்ளம் உண்டு. ஃபோவியா என்பார்கள். அங்கே நான் அழுத்தியதும் கையைப் பிடுங்கிக்கொண்டார். இடது கையில் அதே இடத்தில் அதே அழுத்தத்துக்கு ஒன்றும் இல்லை.

கட்டைவிரல் அடியில், விரலை விரித்தால் தெரியும் பள்ளத்தில் வலி இல்லை. கட்டைவிரலை நீளவாக்கில் அழுத்தினாலும் வலி இல்லை. இதைத் தனியாகக் குறிப்பிடக் காரணம் உண்டு. கை ஊன்றி விழுந்தவர்களிடம் முதலில் தேட வேண்டியது அங்கே இருக்கும் ஸ்கேஃபாய்டு என்ற எலும்பைத்தான். அதன் முறிவு முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். அதனால்தான் அந்தப் பள்ளத்தில் வலி இருந்தால், படம் என்ன சொன்னாலும் முறிவு என்றே வைத்துக்கொண்டு கட்டுப் போட்டு, 10 முதல் 14 நாளில் மறுபடி எக்ஸ்ரே எடுப்பார்கள். வசதி இருந்தால் உடனே எம்.ஆர்.ஐ. அந்த எலும்புக்கு ரத்தம் விரல் பக்கத்திலிருந்து பின்னோக்கி ஓடுகிறது. நடுவில் முறிந்ததைக் கவனிக்காமல் விட்டால், முன்கைப் பக்கத்துத் துண்டு ரத்தம் கிடைக்காமல் பட்டுப்போகலாம். இவருக்கு மூன்றாம் வாரம் எடுத்த படம் அந்தச் சந்தேகத்தைப் பெரும்பாலும் தீர்த்துவிட்டது. எடுத்ததற்குக் காரணம் வேறாக இருந்தாலும் அது உபயோகப்பட்டது.

அடுத்து ஸ்கேஃபாய்டையும் அதன் பக்கத்து எலும்பான லூனேட்டையும் பிணைக்கும் தசைநார். இது அறுந்தால் முஷ்டியை இறுக்கிப் பிடித்து எடுக்கும் படத்தில் இரண்டு எலும்புக்கும் நடுவே இடைவெளி விரியும். 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் சந்தேகம் பலக்கும். கையைத் தளரவிட்டு எடுத்த படத்தில் தெரியாமலே போகலாம். அதற்கான வாட்சன் சோதனையில் இரண்டு கையும் ஒன்றுபோலவே இருந்தன.

பிறகு முன்கையின் இரண்டு எலும்பும் மணிக்கட்டருகே சேரும் மூட்டு. ஒன்றை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தேன். இடது கையைவிட ஆட்டம் கொஞ்சம் கூடுதல். ஆனால் ஒரு கட்டத்தில் ‘டக்’கென்று நின்றது. அந்த நிற்றல் இருக்கிறதா இல்லையா என்பதில்தான் இந்த நோயாளியின் வழியே தீர்மானமாயிற்று. நிற்காமல் வழுக்கிக்கொண்டே போயிருந்தால் நான் கை வைத்திருக்க மாட்டேன், நேராக அறுவை மருத்துவரிடம் அனுப்பியிருப்பேன்.

விரல்களில் நிற மாற்றம், அளவுக்கு மீறிய வியர்வை, தொட்டாலே எரிச்சல் எதுவும் இல்லை. சிறு காயத்துக்குப் பின்னும் சிலருக்குக் கை முழுக்க வீங்கிப் பளபளத்து, காயத்துக்குச் சம்பந்தமில்லாத அளவில் வலிக்க ஆரம்பிக்கும். அது வேறு நோய். அதற்குத் தாமதமில்லாமல் சிகிச்சை தொடங்க வேண்டும். இவருக்கு அந்தச் சாயல் இல்லை.

அளவுகள். பிடிமான வலு வலது கையில் 9 கிலோ, இடது கையில் 24. உள்ளங்கை மேலே பார்க்கும்படி திருப்பினால் வலது 60 பாகை, இடது 85. பி.ஆர்.டபிள்யூ.இ. என்ற கேள்வித்தாள் ஒன்று இருக்கிறது. 15 கேள்விகள், வலிக்கு 5, அன்றாட வேலைகளுக்கு 10, 100-க்கு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு மோசம். இவருக்கு 66 வந்தது. கேள்விகளை வாசித்துக் காட்டித் தமிழில் கேட்டேன். கத்தியால் இறைச்சி வெட்டுவது பற்றிய கேள்வி வந்தபோது, “கறி கடையிலயே வெட்டிக் குடுத்துடுறாங்க மேடம், தேங்கா திருவ முடியல, அத எழுதுங்க” என்றார். துருவுவதைத் தனியாக எழுதி வைத்துக்கொண்டேன்.

இன்னொரு அளவு எனக்குப் பிடித்தது. முள் வைத்த பழைய எடை மெஷினை மேசைமேல் வைத்து, முழங்கையை நீட்டி, உள்ளங்கையை ஊன்றி, வலி தொடங்கும்வரை மெல்ல அழுத்தச் சொல்வது. வலது கை 6 கிலோவில் நின்றது. இடது கை 28. விலை அதிகமில்லாத கருவி. நோயாளி வீட்டிலேயே தானாகப் பார்த்துக்கொள்ளலாம். முள் நகர்வதைக் கண்ணால் பார்க்கிறார்கள்; வலி குறைந்திருக்கிறதா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

எது கிழிந்தது

சந்தேகம் டி.எஃப்.சி.சி. என்ற முக்கோண நார்க்குருத்தெலும்புத் தொகுதியில் விழுந்தது. அல்னாவின் தலைக்கும் மணிக்கட்டு எலும்புகளுக்கும் நடுவே, குழாய்க்குள் வாஷர் மாதிரி உட்கார்ந்திருப்பது. பாரம் தாங்குவது ஒரு வேலை. முன்கையின் இரண்டு எலும்புகளையும் விலகாமல் பிடித்துக்கொண்டே உள்ளங்கையைத் திருப்பவிடுவது இன்னொரு வேலை. கை ஊன்றியிருக்கும்போது உடம்பு திரும்பினால் இரண்டும் ஒரே நேரத்தில் அதன் தலையில் விழும். படியில் நடந்தது அதுதான்.

இந்தப் பாரக் கணக்கை 1984-இல் பால்மர், வெர்னர் என்ற இருவர் சவங்களின் கைகளில் அளந்தார்கள். மணிக்கட்டு வழியாகப் போகும் பாரத்தில் சுமார் 80 சதவீதம் முன்கையின் கட்டைவிரல் பக்கத்து எலும்பான ரேடியஸ் வழியாகவும் 20 சதவீதம் அல்னா வழியாகவும் இறங்குகிறது. அல்னா 2.5 மில்லிமீட்டர் நீண்டால் அந்த 20, 42 ஆகிவிடும். அதே அளவு குட்டையானால் 4-க்கு இறங்கிவிடும். இரண்டு மில்லிமீட்டர் சொச்சத்தில் இவ்வளவு. கையை இறுக்கிப் பிடிக்கும்போதும், உள்ளங்கை கீழே பார்க்கத் திருப்பும்போதும் அல்னா ரேடியஸைவிடக் கொஞ்சம் முன்னே வரும். ஈர மாப்பை இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிவதை நினைத்துப் பாருங்கள்: இறுக்கிப் பிடிக்கிறோம், திருப்புகிறோம், மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் ஒடிக்கிறோம். கிழிசல் இருக்கிறதா என்று சோதிக்க மருத்துவர்கள் கண்டுபிடித்த சோதனைகளும் ஏறக்குறைய இதே அசைவுகள்தான். அவர் தினமும் ஒரு ஷிஃப்ட் முழுக்க அந்தச் சோதனையைத் தன் கையிலேயே செய்துகொண்டிருந்தார்.

கை அறுவை மருத்துவரிடம் அனுப்பினேன். சென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி: பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனி நிலையம் இருக்கிறது, பேராசிரியர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்தது. கைக்கு மட்டும் ஒரு பிரிவு இருப்பது பலருக்குத் தெரியாது. மணிக்கட்டையும் இடுப்பையும் ஒரே வரிசையில் நின்று காட்டிக்கொண்டிருக்கிறார்கள். இவர் வேறோர் இடத்தில் பார்த்தார், ஆனால் பார்த்தவர் கை மட்டும் பார்ப்பவர்.

எம்.ஆர்.ஐ.யில், அந்தத் தொகுதி அல்னாவின் ஃபோவியாவில் ஒட்டும் இடத்தில் பகுதிக் கிழிசல். பக்கத்து டிரைக்வெட்ரம் எலும்புக்குள் கன்றல், அதாவது உடையாமல் உள்ளே அடிபட்டு நீர் கோத்திருப்பது. அல்னா ரேடியஸைவிட 1 மில்லிமீட்டர் நீளம். ஸ்கேஃபாய்டு நன்றாக இருக்கிறது. இந்த எம்.ஆர்.ஐ. விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. வயதாக ஆக, வலியே இல்லாதவர்கள் மணிக்கட்டிலும் இந்தத் தொகுதியில் கிழிசல் தென்படும். ரிப்போர்ட்டில் கிழிசல் என்று வந்துவிட்டாலே வலிக்குக் காரணம் அதுதான் என்று ஆகிவிடாது. சிறு கிழிசல் இருந்தும் எம்.ஆர்.ஐ.யில் தெரியாமல் போவதும் உண்டு. இவருக்கு விரலால் காட்டிய குழியும், விழுந்த விதமும், படமும் ஒரே இடத்தைச் சொன்னதால் நம்பினோம்.

ஒட்டும் இடத்தில் கிழிந்தது ஒரு வகையில் நல்லது. அந்தத் தொகுதியின் வெளி ஓரத்துக்குத்தான் ரத்த ஓட்டம் உண்டு, நடுப்பகுதிக்கு இல்லை. ஓரக் கிழிசல் ஆற வாய்ப்பிருக்கிறது. நடுக் கிழிசல் தானாக ஆறாது. மூட்டும் நின்று நிதானமாக இருந்ததால், முதலில் அறுவை இல்லாமல் முயல்வது என்று மருத்துவர் முடிவு செய்தார். மூன்று முதல் ஆறு மாதத்தில் பலன் இல்லையென்றால் ஆர்த்ரோஸ்கோபி வழியாக, அதாவது சிறு துளையில் கேமரா விட்டுப் பார்த்து, தைப்பது பற்றிப் பேசலாம்.

கட்டும் போகியும்

ஒன்பது வாரம் கழித்துக் கையை அசையாமல் வைப்பதில் அர்த்தம் உண்டா என்பது நியாயமான கேள்வி. எல்லாரும் ஒரே பதில் சொல்ல மாட்டார்கள். என் கணிப்பு: இந்த ஒன்பது வாரத்தில் கிழிசலுக்கு ஒரு நாள்கூட ஓய்வு கிடைக்கவில்லை. கிரேப் பேண்டேஜ் வீக்கத்தை அமுக்கும். முன்கை திருப்பத்தைத் தடுக்காது. ஆகவே காயத்தின் கடிகாரம் இன்னும் ஓடவே தொடங்கவில்லை என்று வைத்துக்கொண்டு, நான்கு வாரம் திட்டமிட்டோம்.

மாவுக்கட்டு வேண்டாம், சூடுபடுத்தி வடிவமைக்கும் பிளாஸ்டிக் ஸ்ப்ளின்ட் போதும். முழங்கை மடங்கும், விரல்கள் முழுக்க அசையும், முன்கை மட்டும் திரும்பாது. சென்னைப் புழுக்கத்தில் இதை நாள் முழுக்கப் போடச் சொல்வது எளிது, போட்டுக்கொள்வது கொடுமை. பழைய பனியன் துணியைக் குழாயாகத் தைத்து உள்ளே போட்டு, வியர்த்ததும் மாற்றச் சொன்னேன். அடுப்பருகே, மொட்டை மாடி வெயிலில், நிறுத்தி வைத்த வண்டிக்குள் கழற்றி வைக்கக் கூடாது, நெளிந்துவிடும். விரல்களை முழுக்க மடக்கி நீட்டுவதும், தோளை ஒவ்வொரு வேளையும் மேலே தூக்குவதும் கட்டாயம். மணிக்கட்டைக் காப்பாற்றப் போய்த் தோள் இறுகிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் புத்தூர் கட்டு பற்றிய பேச்சு எழுந்தது. எழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். சென்னையில் அந்தப் பலகை இல்லாத பேட்டை எது? மூங்கில் பத்தையும் முட்டை வெள்ளையும் வைத்து இறுக்கும் அந்தக் கட்டு, முறிந்த எலும்பை நேராக நிறுத்துவதற்கானது. இங்கே முறிவே இல்லை. நிறுத்த வேண்டியது முன்கையின் திருப்பத்தை. அதோடு இறுக்கமான கட்டில் விரல் வீங்கினால், மரத்தால், நீலம் பாய்ந்தால் யார் கட்டியதாக இருந்தாலும் அந்த நிமிடமே அவிழ்க்க வேண்டும். எண்ணெய் தடவி முன்கைத் தசையை மெல்ல நீவிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, இதமாக இருக்கும். மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத் திருப்பிச் சொடக்கு எடுப்பதுதான் ஆகாது. பாதி அறுந்த நாரை மீதியும் அறுக்கும் வேலை அது.

நான்காம் வாரம் போகி வந்தது. வீடு ஒழிக்க வேண்டும். ஸ்ப்ளின்டைக் கழற்றி வைத்துவிட்டு, திரைச்சீலை, படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் ஊறப்போட்டு, துவைத்து, பிழிந்து காயப்போட்டிருக்கிறார். பொங்கல் கழிந்து வந்தபோது குழியில் வீக்கம். எடை மெஷின் 4 கிலோவில் நின்றது, முதல் நாளைவிடக் குறைவு.

திட்டி என்ன ஆகப்போகிறது? வீட்டில் வேறு யார் பிழிவார்கள் என்று கேட்டேன். மகன் இருக்கிறான், பாலிடெக்னிக் படிக்கிறான், அவனிடம் சொன்னதில்லை. அடுத்த முறை அவனையும் கூட்டிவரச் சொன்னேன். எம்.ஆர்.ஐ. படத்தைத் திரையில் வைத்து, அம்மா கையில் எது எங்கே கிழிந்திருக்கிறது என்று அவனுக்குக் காட்டினேன். “தம்பி, இன்னும் ரெண்டு வாரம் இந்த வீட்ல துணி பிழியிறது உன் வேலை” என்றதும் தலையாட்டினான். அதற்கப்புறம் அவர் சிகிச்சையில் நான் செய்த எதைவிடவும் அவன் பிழிந்த துணிகள் உதவியிருக்கும். ஸ்ப்ளின்டை இரண்டு வாரம் நீட்டித்தோம்; ஜனவரி கடைசியில் எடுத்தோம்.

வேலை

இதைத் தனியாக எழுத வேண்டும், ஏனென்றால் காயத்தைவிட இதுதான் அவரை அதிகம் படுத்தியது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லாதவருக்கு எதற்கு லீவு என்பது ஒப்பந்த நிறுவனத்தின் வாதம். அவர் ஈ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருப்பவர், மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். வேலையிடத்தில், வேலை நேரத்தில் விழுந்தது பணிக்காயம். அதற்குத் தற்காலிக ஊனப் பலனாகச் சராசரி தினச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்க வேண்டும். சாதாரண நோய் விடுப்பு என்று பதிந்தால் 70 சதவீதம்தான், அதுவும் ஆண்டுக்கு 91 நாள் வரைக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவருக்கு வீட்டு வாடகை. நிறுவனம் விபத்துப் பதிவேட்டில் எழுதவும் இல்லை, ஈ.எஸ்.ஐ.க்கு விபத்து அறிக்கை அனுப்பவும் இல்லை. முறிவு இல்லை என்று சீட்டு வந்ததும் அது விபத்தே இல்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

எம்.ஆர்.ஐ. அறிக்கையும் மருத்துவர் சான்றும் கையில் வந்தபின் அவரே போய்ப் பேசினார். கட்டடத்தில் வேலை செய்யும் இன்னும் இரண்டு பேர் விழுந்ததைப் பார்த்ததாக எழுதிக் கொடுத்தார்கள். தாமதமாகத்தான் அறிக்கை போனது, ஆனால் போனது. முறிவு இருக்கிறதோ இல்லையோ, வேலையிடத்தில் விழுந்தால் அன்றே பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். வலி நிற்காமல் தொடரும்போது அந்த ஒரு வரி இல்லாமல் எல்லாவற்றையும் பின்னாலிருந்து நிரூபிக்க வேண்டியிருக்கும்.

வேலைக்குத் திரும்பும்போது நான் கொடுத்த கடிதத்தில் நோயின் பெயரை ஒரே வரியில் முடித்துவிட்டு, மீதியை வேலையாக எழுதினேன்: மாப்பைக் கையால் முறுக்கிப் பிழியக் கூடாது, வலது கையில் அரை வாளிக்கு மேல் தண்ணீர் தூக்கக் கூடாது, மேசை, கண்ணாடி துடைக்கலாம், காலால் மிதித்துப் பிழியும் வாளி தரப்பட வேண்டும். லேசான வேலை கொடுக்கவும் என்று எழுதியிருந்தால் எந்த சூப்பர்வைசருக்கும் அது எதையும் சொல்லாது. மிதிவாளி ஏற்கெனவே அந்தக் கட்டடத்தின் இன்னொரு மாடியில் இருந்தது.

பாரம் ஏற்றிய விதம்

ஸ்ப்ளின்ட் எடுத்த அன்று மெஷினில் 11 கிலோ. கை மெலிந்து, மணிக்கட்டு இறுகியிருந்தது, இது எதிர்பார்த்ததுதான். அல்னாவின் முனைக்குச் சற்றுக் கீழே மணிக்கட்டைச் சுற்றிப் பட்டையான வார் ஒன்று போட்டு, வேலை நேரத்தில் மட்டும் கட்டச் சொன்னேன். வார் போட்டுக்கொண்டு அழுத்தினால் முள் 14-க்குப் போனது. அவருக்கு அது ஒரு திடுக்கிடல்: “இந்த பெல்ட்டுக்கா இவ்ளோ?” வார் கிழிசலை ஒட்டவைக்காது, எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

பிப்ரவரி முழுக்க, முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்து, வலிக்காத வரம்புக்குள் உள்ளங்கையைத் திருப்புவது. அசையாமல் அழுத்தம் மட்டும் கொடுக்கும் பயிற்சிகள் இரண்டு: மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் தள்ள முயல்வது, உள்ளங்கையைக் கீழே திருப்ப முயல்வது, மற்றக் கை தடுத்துப் பிடித்துக்கொள்ளும். அந்த மூட்டை இறுக்கிப் பிடிக்கும் தசைகள் அவை. பிறகு சமையலறைக் கருவிகள் வந்தன. நீளக் காம்புள்ள கரண்டியைக் காம்பின் நடுவில் பிடித்து மெல்லத் திருப்புவது. பழகப் பழகக் கை காம்பின் நுனிக்குப் போகும், பாரம் தானாகக் கூடும். தாம்பாளத்தில் ஒரு கோலிக்குண்டைப் போட்டு, விளிம்பில் முட்டாமல் சுற்றவைப்பது. கை எங்கே எப்படி இருக்கிறது என்ற உணர்வு இந்தக் காயத்தில் மழுங்கிவிடும், அதைத் திரும்பக் கொண்டுவர இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

வலிக்கு ஒரு விதி வைத்தோம். பயிற்சியின்போது 10-க்கு 3 வரை பரவாயில்லை. மறுநாள் காலையில் முந்தைய நாளைவிட அதிகம் வலித்தால், நேற்றுச் செய்தது அதிகம். வலியே இருக்கக் கூடாது என்று காத்திருந்தால் கை வலுவேறாது. வலித்தாலும் பரவாயில்லை என்று தாண்டினால் போகிதான்.

குடத்தை விட்டுவிட முடியவில்லை. தெருவில் மெட்ரோ வாட்டர் தொட்டியிலிருந்து பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் பிடித்து இடுப்பில் வைத்து வருவது அவர் வீட்டு வழக்கம். நிறைகுடம் 15 கிலோவை நெருங்கும். மார்ச்சில் கால் குடத்தில் தொடங்கினார், அதுவும் இடது இடுப்பில். வலது பக்கத்துக்கு மாறியது மெஷின் 20-ஐத் தாண்டிய பின்தான். எந்தப் பாடநூலிலும் இப்படி ஓர் எல்லை இல்லை, நான் வைத்துக்கொண்டது. சுவரில் கை ஊன்றுவது, மேசை விளிம்பில் ஊன்றுவது, கடைசியாகத் தரையில் என்று ஊன்றும் பயிற்சியும் அதே முள்ளைப் பார்த்தே நகர்ந்தது. அடிபம்பு மட்டும் இறுதிவரை வேண்டாம் என்று வைத்தோம். அது மகன் கணக்கில் சேர்ந்தது.

ஏப்ரல் நடுவில் பிடிமானம் 18 கிலோ, மெஷின் 22. அதற்குப் பின் ஏற்றம் மெதுவாகிவிட்டது. இந்தக் கட்டத்தில் பலர் சலித்து நிறுத்திவிடுவார்கள். ஷேர் ஆட்டோவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வர முடிகிறது, சமைக்க முடிகிறது, போதும் என்று தோன்றும். இவர் நிறுத்தாததற்குக் காரணம் மாப்.

ஜூன்

விழுந்து எட்டு மாதம் ஆகும்போது கடைசியாக அளந்தது: பிடிமானம் வலது 21, இடது 24. மெஷின் 25, வார் இல்லாமல். உள்ளங்கை மேலே 80 பாகை. கேள்வித்தாள் 14. தேங்காய் துருவுகிறார், அரை மூடிக்கு மேல் போனால் நிறுத்திக்கொள்கிறார். குழியில் அழுத்தினால் இப்போதும் லேசாகத் தெரிகிறது, கையைப் பிடுங்கிக்கொள்வதில்லை. தள்ளிப் பார்க்கும் சோதனையில் ஆட்டம் அதே அளவு, நிற்பதும் அதே இடத்தில். அதாவது மூட்டு மேற்கொண்டு தளரவில்லை. அறுவை வேண்டியிருக்கவில்லை.

மீதி இருப்பவை: தரையில் உட்கார்ந்து எழும்போது உள்ளங்கையை ஊன்ற முடியவில்லை, முஷ்டியை ஊன்றி எழுகிறார். ஷிஃப்ட் முடியும் நேரம் வலி 10-க்கு 2 வரை ஏறுகிறது. மிதிவாளி பழுதான ஒரு வாரம் கையால் பிழிய வேண்டிவந்தபோது குழியில் மறுபடி வீக்கம் வந்து, நான்கு நாளில் வடிந்தது. அல்னாவின் அந்த 1 மில்லிமீட்டர் நீளம் குறையப்போவதில்லை, வேலையும் மாறப்போவதில்லை. ஆகவே வார் அவர் பையில் இருக்க வேண்டும், மழைக்காலம் முடிந்ததும் மருத்துவர் மறுபடி பார்க்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். திருப்பும்போது மூட்டு சிக்கிக்கொண்டாலோ, மெஷின் இரண்டு வாரம் தொடர்ந்து இறங்கினாலோ அதற்கு முன்பே வரச் சொல்லியிருக்கிறேன். ஈ.எஸ்.ஐ. பணத்தில் 70 சதவீதக் கணக்கில் வந்தது கைக்கு வந்துவிட்டது. பணிக்காயம் என்று மாற்றி மீதியைக் கேட்ட மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது.